பெருமந்தம் ஒரு நாட்டை என்ன செய்யும்? செட்டிநாட்டில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க வருபவர்கள் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்: "இவ்வளவு பணம் எங்கே போச்சு?" கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது வேறு மாதிரி: "1930-களின் மந்தம் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று பாடத்தில் இருக்கிறது, நம்ம ஊரில் என்ன செய்தது?" இரண்டுக்கும் பதில் ஒரே கதைக்குள் இருப்பதால் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

மந்தம் என்றால் விலைவாசி தாறுமாறாக ஏறுவதுதானே?

தலைகீழ். 1929-ல் தொடங்கிய பெருமந்தத்தில் விலைகள் சரிந்தன. நெல், பருத்தி, நிலக்கடலை, ரப்பர், தேயிலை எல்லாமே. மாதச் சம்பளம் நிலையாக வந்தவருக்கு அது நல்ல காலம்தான். சர்க்கார் குமாஸ்தா வீட்டில் அதே சம்பளத்துக்கு அதிகச் சாமான் வந்தது.

அடிபட்டது கடன் வாங்கியவர். நூறு ரூபாய் கடனை அடைக்க முன்பு பத்து மூட்டை நெல் விற்றால் போதும் என்றால், விலை பாதியான பிறகு இருபது மூட்டை விற்க வேண்டும். நெல்லின் விலை இறங்கும். பத்திரத்தில் எழுதிய தொகை இறங்காது. வட்டியும் இறங்காது, நிலவரியும் இறங்காது. வேலையின்மை, பசி, பட்டினி எல்லாம் உண்மை. ஆனாலும் அரசியலைப் புரட்டிப் போட்டதில் இந்தக் கடன் பத்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்களில் அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளவும்.

நியூயார்க்கில் பங்குச்சந்தை விழுந்ததற்கும் காரைக்குடிக்கும் என்ன சம்பந்தம்?

இடையில் பர்மா இருக்கிறது.

1852-ல் கீழ் பர்மாவை பிரிட்டிஷார் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காடுகளை வெட்டி நெல் வயலாக்க லட்சக்கணக்கான பர்மியக் குடியானவர்கள் இறங்கினார்கள். மாடு வாங்க, ஆள் வைக்க, அறுவடை வரை சாப்பிட அவர்களுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார பேங்குகள் குடியானவனை வாசலில் நிற்கக்கூட விடாது. அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள். 1929-30-ல் பர்மா பேங்கிங் விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி அங்கே சுமார் 1,650 செட்டியார் வட்டிக் கடைகள் இருந்தன. புழங்கிய முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி!

தொழில் நடந்த விதம் எளிமையானது. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கிகள். ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கு ஒரு பெட்டகம், ஒரு கணக்கு மேஜை. மாதம் ஒருமுறை கோயிலில் கூடி நடப்பு வட்டியைப் பேசி முடிப்பார்கள். ஊரிலிருந்து போன ஏஜெண்டு மூன்று வருடக் கணக்கு முடித்து ஐந்தொகை (வரவு செலவு, லாப நட்டக் கணக்கு) போட்டுவிட்டுத் திரும்புவார். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஒருநாள் தனிக்கடை வைப்பான். முதல் எங்கிருந்து வந்தது? முதலாளியின் சொந்தப் பணம், பங்காளிகளின் பணம், கோயிலுக்கென்று ஒதுக்கிய மகமைப் பணம், ஆச்சிமார் (வீட்டுப் பெண்கள்) சீதனப் பணம். மீதிக்கு ரங்கூன் பேங்குகள்.

சரி, 1929 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் விழுந்தது. உலகம் முழுக்க வாங்கும் சக்தி சுருங்கியது, நாடுகள் சுங்கச் சுவர் எழுப்பின, அரிசிக்கு ஆள் இல்லை. போதாக்குறைக்குப் பெரிய பிரிட்டிஷ் ஆலைக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து நெல்லைக் குறைந்த விலைக்கு வாங்குகின்றன என்ற புகாரும் முன்பே இருந்தது. 1931-ல் பர்மா நெல் விலை 1920-களின் நடுவில் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. குடியானவனால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்தது நிலம். நிலம் கைமாறியது.

அப்படியானால் செட்டியார்கள் பர்மியர் நிலத்தைத் திட்டம் போட்டுப் பறித்தார்களா?

இந்தக் கேள்வியை இங்கே கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் எண்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் 25 சதவீதம். ஏக்கரில் சொன்னால் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரத்திலிருந்து ஏறக்குறைய 24 லட்சத்து 50 ஆயிரம். ஏழே வருடத்தில் நான்கு மடங்குக்கு மேல். டெல்டாவில் நான்கில் ஒரு வயல் கடல் தாண்டியிருந்த ஒருவரின் பெயரில்.

திட்டம் என்று சொல்ல முடியாது. லேவாதேவிக்காரருக்கு நிலம் ஒரு தலைவலி. அவருக்கு வேண்டியது ரொக்கம். ரொக்கம் சுழன்றால்தான் வட்டி. விற்க முடியாத நிலத்தை வைத்துக்கொண்டு, கட்ட முடியாத குத்தகைதாரனிடம் குத்தகை கேட்டுக்கொண்டு, சர்க்காருக்கு நிலவரியும் கட்டிக்கொண்டு உட்காருவது எந்தக் கடைக்காரரும் விரும்பி எடுக்கிற வேலை இல்லை. தமக்குக் கடன் கொடுத்த பேங்குகளும் ஊரில் பணம் போட்டிருந்த உறவுக்காரர்களும் கழுத்தை நெரித்தார்கள். பல கடைகள் அப்போதே சாய்ந்தன.

ஆனால் காடு வெட்டி, பாம்புக்கடி பட்டு, மலேரியாவில் பிள்ளையைப் பறிகொடுத்து வயலாக்கியவனுக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்? அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பத்திரம், ஒரு கோர்ட்டு அமீனா, மொட்டைத் தலையும் விபூதியுமாக ஒரு ஏஜெண்டு. லண்டனில் அரிசி விலை பேசியவனோ, நாணய மாற்று விகிதத்தைப் பிடித்துவைத்த அதிகாரியோ அவன் ஊருக்கு வந்ததே இல்லை. நோக்கம் இல்லாமலும் ஒரு சமூகத்தின் நிலம் பறிபோகலாம். பறிகொடுத்தவர்கள் நோக்கத்தைப் பார்த்துக் கோபப்படுவதில்லை.

1948-ல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியதைப் பற்றி நம் பக்கத்து நினைவுகளில் "உழைச்சுச் சம்பாதிச்சதைப் பிடுங்கிட்டாங்க" என்பதே அதிகம் கேட்கிறது. அதுவும் உண்மை. நிலம் கைமாறிய அந்த ஏழு வருடத்தை விட்டுவிட்டுச் சொன்னால்தான் பாதி உண்மை.

சாயா சான் கிளர்ச்சி இந்தியர்களுக்கு எதிரானதா?

அடிப்படையில் சர்க்காருக்கு எதிரானது. 1930 டிசம்பரில் தராவதி மாவட்டத்தில் வெடித்தது. தலைவரி கட்டும் சமயம், நெல் விலை விழுந்த சமயம். முன்னாள் பிக்குவும் நாட்டு வைத்தியருமான சாயா சான் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டார். பச்சை குத்திக்கொண்டு துப்பாக்கிக் குண்டுக்கு எதிரே போனவர்களின் கதை அது. 1931 நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கிளர்ச்சி 1932 வரை இழுத்தது. போகிற வழியில் இந்தியர்களும் தாக்கப்பட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அவருக்காகக் கோர்ட்டில் வாதாடிய வழக்கறிஞர் பா மா, ஏழைகள் கட்சி என்ற பெயரில் அரசியல் நடத்தி, 1937-ல் பர்மாவின் முதல் பிரதமரானார். 1930-ல் தொடங்கிய தக்கின் இளைஞர் இயக்கத்திலிருந்து பின்னாளில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் வந்தார். விலை விழுந்த வருடங்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நிலமும் கடனும் அந்நியரும் தனித்தனிப் பிரச்சினைகளாகத் தெரியவே இல்லை.

கோபம் ஏன் எப்போதும் வெளியூர்க்காரன் மேல் திரும்புகிறது?

எப்போதும் இல்லை. ஆனால் 1930-களில் தென்னிந்தியர்கள் போன இடமெல்லாம் திரும்பியது.

ரங்கூனில் 1930 மே மாதம். தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியரை வைத்தார்கள். சமரசம் ஆனதும் பர்மியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தெலுங்கரைத் திரும்ப எடுத்தார்கள். அன்றே அடிதடி தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஏழை ஏழையை வெட்டினான். கப்பல் கம்பெனிக்கு ஒரு கீறல் இல்லை.

இலங்கையில் இன்னும் வேடிக்கை, அல்லது வேதனை. கொழும்பின் தொழிற்சங்க இயக்கத்தை வளர்த்த ஏ. ஈ. குணசிங்க 1920-களில் எல்லா இனத் தொழிலாளரையும் சேர்த்து வைத்திருந்தவர். வேலை சுருங்கியதும் மலையாளத் தொழிலாளரை விரட்டச் சொல்லி இயக்கம் நடத்தினார். இடதுசாரிப் பேச்சு இனவெறுப்புப் பேச்சாக மாற ஒரு தேர்தல் தூரம்கூடத் தேவைப்படவில்லை. அதே மந்தத்தின் நடுவில்தான் 1935-ல் லங்கா சமசமாஜக் கட்சியும் பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மலாயாவில் ரப்பர் விலை தரைக்குப் போனதும் 1930-க்கும் 1932-க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். மலாய்க்காரர் நிலம் அடமானத்தில் செட்டியார் கைக்குப் போவதைத் தடுக்க 1933-ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இறுக்கினார்கள்.

கடன்காரன் எதிரே தெரிகிற ஆள். விலையை நிர்ணயித்தவன் கண்ணுக்குத் தெரியாத ஆள். எதிரே இருப்பவன் வேறு மொழி பேசி, வேறு சாமி கும்பிட்டால் அரசியல்வாதிக்கு வேலை சுலபம்.

அப்படியானால் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்ததே மந்தத்தால்தானா?

மந்தம் மட்டும் காரணம் இல்லை; பிரிவினைப் பேச்சு அதற்கு முன்பே இருந்தது. 1935 இந்திய அரசுச் சட்டப்படி 1937 ஏப்ரல் 1-ல் பிரிந்தது. ஆனால் பிரிந்த பர்மாவின் சட்டசபை என்ன வேலையில் இறங்கியது என்று பாருங்கள்: குத்தகை, நிலக் கைமாற்றம், நிலக் கொள்முதல் பற்றிய சட்டங்கள். 1938-ல் மறுபடியும் பெரிய கலவரம். ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23-ல்தான். அதற்குள்ளாகவே செட்டியார் தொழிலின் அஸ்திவாரம் ஆடிவிட்டது.

ஒரே மந்தம்தானே? ஜெர்மனிக்கு ஹிட்லர், அமெரிக்காவுக்கு ரூஸ்வெல்ட். ஏன்?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். நான் இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆட்சியில் இருந்தவர்கள் வலியைக் கண்டும் என்ன செய்தார்கள் என்பது. ஜெர்மனியில் 1930 முதல் 1932 வரை பிரதமராக இருந்த புரூனிங் செலவைக் குறைத்தார், சம்பளத்தைக் குறைத்தார், வேலையற்றோர் உதவியையும் குறைத்தார், வரியை ஏற்றினார். நாடாளுமன்றத்தைச் சுற்றிக்கொண்டு அவசர ஆணைகளால் ஆண்டார். 1932-ல் வேலையற்றோர் 60 லட்சத்தைத் தொட்டார்கள். நாஜிக் கட்சியின் ஓட்டு 1928-ல் 2.6 சதவீதம், 1930-ல் 18.3, 1932 ஜூலையில் 37.3. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: வேலையிழந்த தொழிலாளிகள் கம்யூனிஸ்டுகளுக்கே அதிகம் போட்டார்கள். ஹிட்லர் பக்கம் சாய்ந்தவர்களில் சின்னக் கடைக்காரர்களும், விலை விழுந்து கடனில் மூழ்கிய கிராமத்து விவசாயிகளும் நிறைய. நிலம் ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்தவனின் பயம், ஒன்றுமே இல்லாதவனின் பசியைவிட வேறு மாதிரி ஓட்டுப் போடும்.

அமெரிக்காவிலும் நிலைமை மோசம்தான். 1933-ல் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான பேங்குகள் மூடிக் கிடந்தன. ரூஸ்வெல்ட் வந்த முதல் வேலையே பேங்குகளைச் சில நாள் மூடி, சோதித்து, திறந்தது. வைப்புத் தொகைக்குக் காப்பீடு, வீட்டுக் கடனை மறு தவணை போடும் ஏற்பாடு, விவசாயிகளுக்கு விலை ஆதரவு, 1935-ல் முதியோர் ஓய்வூதியம். மந்தம் முழுசாகத் தீரவில்லை, போர் வந்தபிறகுதான் தீர்ந்தது. ஆனால் ஏலம் போக இருந்த வீட்டுக்காரனுக்கு, சர்க்கார் தன் பக்கம் எட்டிப் பார்த்தது தெரிந்தது. அங்கேயும் கறுப்பினத்தவருக்கு இந்த உதவிகள் அரைகுறையாகத்தான் போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது, பழைய அமைப்பின் மேல் மக்களுக்கு ஏற்கெனவே இருந்த மதிப்பு. ஜெர்மனியின் குடியரசுக்கு வயது பத்து. அதைப் பெற்றவர்களே அதை விரும்பவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லரைப் பிரதமராக்கியது ஓட்டு மட்டும் இல்லை, "இவனை நாம் கட்டுப்படுத்திக்கொள்ளலாம்" என்று நினைத்த பழைய பிரபுக்கள். ஜப்பானில் 1932-ல் பிரதமர் இனுகாயை இளம் கடற்படை அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். பட்டு விலை விழுந்து பட்டினி கிடந்த கிராமங்களின் பெயரைச் சொல்லி ராணுவம் அரசியலுக்குள் வந்தது. அதே வருடம் சுவீடனில் சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்து, அடுத்த வருடம் விவசாயிகள் கட்சியோடு உடன்பாடு செய்துகொண்டது.

ஹிட்லர் வந்தது கட்டுக்கட்டாக நோட்டு எண்ணிய பணவீக்கத்தால் என்று படித்தேனே?

அந்தப் பணவீக்கம் 1923. அப்போது ஹிட்லர் கலகம் செய்து, தோற்று, சிறைக்குப் போனார். அவர் ஆட்சியைப் பிடித்தது பத்து வருடம் கழித்து, விலைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது. பணவீக்கப் பயம் புரூனிங்கின் கையைக் கட்டியது என்பது வரை சரி.

சென்னை மாகாண அரசியலில் என்ன மாறியது?

ஏறக்குறைய எல்லாமே.

1930 முதல் 1937 வரை நீதிக்கட்சி ஆட்சி. அதாவது மந்தம் முழுக்க அவர்கள் தலையில். நெல் விலை பாதியானது, நிலவரியில் கொடுத்த தள்ளுபடி யாருக்கும் போதவில்லை. தஞ்சாவூர் மிராசுதார்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரிசி வந்து இறங்குவதைத் தடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். 1935-ல் குறுணை அரிசிக்கு இறக்குமதி வரி வந்தது. இதற்குள் ஓட்டுரிமை விரிந்தது. நிலவரி கட்டுகிற நடுத்தர விவசாயிக்கு, அதாவது கடன்பட்டவனுக்கு, ஓட்டு கிடைத்தது. 1937 தேர்தலில் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. ஜமீன்தார்களும் ராஜாக்களும் நிறைந்த கட்சி இருந்த இடம் தெரியாமல் போனது. அதன் தலைவர் பொப்பிலி ராஜாவே வி. வி. கிரியிடம் தோற்றார்.

இதை வெறும் தேசிய அலை என்று பார்த்தால் பாதிதான் தெரியும். ராஜாஜி அரசு சீக்கிரமே கொண்டுவந்தது 1938-ன் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி அத்தனையும் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. பர்மாவில் அடி வாங்கிக்கொண்டிருந்த செட்டிநாட்டுக்கு ஊரிலும் அடி. வட்டிக்கு விட்டவர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் தமிழ்நாட்டுக் கிராமம் எந்தத் திசையில் போயிருக்கும் என்று யோசிக்க பர்மா பக்கத்திலேயே இருக்கிறது. செட்டிநாட்டுக்காரனாக இருந்துகொண்டு சொல்கிறேன், அது நியாயமான சட்டம். பின்விளைவும் உண்டு: கிராமத்தில் வட்டிக்குக் கொடுக்க ஆள் குறைந்தார்கள், கூட்டுறவுச் சங்கங்களால் அந்த இடத்தை உடனே நிரப்ப முடியவில்லை.

இன்னொரு ஒட்டு: 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு, அதில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி. இன்று பில்லில் பார்க்கிற வரியின் தாத்தா அதுதான்.

காங்கிரசுக்கு வெளியேயும் அசைவு இருந்தது. பெரியார் 1932-ல் சோவியத் ரஷ்யாவைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வருடக் கடைசியில் சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டம் போட்டார். காரைக்குடிக்குப் பக்கத்தில் சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவானந்தம் அந்த வழியில் போய்ப் பொதுவுடைமைக்காரரானார். 1934-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்ததும் பெரியார் சமதர்மப் பேச்சைத் தணித்துக்கொண்டார். ஆனால் விதை விழுந்துவிட்டது.

வீட்டுக்குள் என்ன நடந்தது? பெண்களுக்கு?

கணக்கேட்டைப் பார்த்தால்தான் தெரியும், மேடைப் பேச்சில் தெரியாது. சீதனமாக வந்த பணம் ஆச்சியின் பெயரில் தனிக் கணக்காக ஓடும், வட்டி சேரும். அது அவர் சொத்து. கடை சாய்ந்தபோது அந்தக் கணக்கும் சேர்ந்து சாய்ந்தது. புருஷன் மூன்று வருடம் பர்மாவில் இருக்க, வீட்டையும் சாகுபடியையும் சீர்செனத்தியையும் தனியாக நடத்தியவர்கள் அவர்கள். கணக்கு வந்து சேராத மாதங்களில் யாரிடம் என்ன பேசுவது, எந்தக் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுத்ததும் அவர்களே.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையை (நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறை) கைவிட்டதும் ரூபாயில் தங்கத்தின் விலை ஏறியது. நாடு முழுக்கக் கிராமத்து நகைகள் கடைக்கு வந்தன, உருகின, பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறின. நிலவரி கட்டவும் வட்டி கட்டவும் கழுத்திலிருந்து கழன்றவை அவை. அரசு இதை "ஏற்றுமதி" என்று எழுதிக்கொண்டது.

பெரிய வீட்டுக்கு வெளியே, சேரியில்?

அங்கே எழுதிவைத்த கணக்கே கிடையாது. திரும்பி வந்த மலாயாத் தொழிலாளிக்கு ஊரில் வேலை இல்லை. இராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்டவர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள்: தங்க, வெள்ளி நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். அடுத்த ஆண்டு அதைப் பதினொன்றாக்கினார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஹட்டன் என்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரி இதைப் பதிவு செய்திருக்கிறார். மந்தம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்தக் கொடுமை மந்தத்துக்கு முன்னும் இருந்தது பின்னும் இருந்தது. ஆனால் வெளிநாட்டுப் பணத்தால் கொஞ்சம் தலை நிமிர்ந்தவனை மறுபடி குனியவைக்கும் முயற்சி, பணம் வற்றிய அதே மாதங்களில் நடந்தது என்பது என் கண்ணை உறுத்துகிறது.

அப்போதேதான் இந்த வீடுகள் காலியாகத் தொடங்கினவா?

கட்டுமானம் நின்றது அந்தக் காலத்தில். பர்மா தேக்கு, ஐரோப்பியக் கண்ணாடி என்று இழைத்துக் கட்டிய வேகம் 1930-களில் குறைந்து, போரோடு அடங்கியது. காலியானது மெதுவாக. 1942-ல் பலர் நடந்தே வந்தார்கள். 1948-ல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம். 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சி, 1963-ல் பேங்குகள், 1964-ல் கடைகள் நாட்டுடைமை. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் சென்னைக்குப் போனார்கள். பங்காளிகள் நாற்பது, ஐம்பது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட முடியாமல் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகள் இன்றும் உண்டு. பிரிந்த தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன.

பணம் எங்கேதான் போனது?

பாதி பர்மா மண்ணில் போனது. மீதி உருமாறியது. எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். பர்மா பிரிவதற்கு ஏழு வாரம் முன்பு. பெட்டகத்தோடு உட்காரும் காலம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முருகப்பா குடும்பம் போருக்கு முன்பே மூலதனத்தைத் தாய்நாட்டுக்கு நகர்த்தியது; 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை. கருமுத்து தியாகராஜன் செட்டியார் மதுரையில் ஆலை, 1943-ல் பேங்க் ஆஃப் மதுரா. ஏ. வி. மெய்யப்பன் சினிமாவுக்குப் போனார். அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

தப்பித்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1,650 கடைகளில் பெரும்பாலானவற்றின் பெயர்ப்பலகைகூட மிஞ்சவில்லை.

இந்தக் காலத்தில் இப்படி நடக்குமா?

நடந்ததே. இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெட்ரோலுக்கு வரிசை, மருந்து இல்லை, மண்டபத்துக்கும் தனுஷ்கோடிக்கும் படகில் குடும்பங்கள் வந்தன. ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய நாட்டை விட்டு ஓடினார். அவர் 2019-ல் வென்ற அதே தேர்தலில் சுமார் 3 சதவீத ஓட்டு வாங்கிய அநுர குமார திசாநாயக்க 2024-ல் ஜனாதிபதி; அவர் அணிக்கு நாடாளுமன்றத்தில் 225-ல் 159. (1937-ல் சென்னையில் காங்கிரசுக்கும் 159. தற்செயல்தான், ஜோசியம் பார்க்க வேண்டாம்.) கிரீஸில் 2009-ல் 44 சதவீதம் வாங்கி ஆண்ட சோஷலிஸ்ட் கட்சி 2015 ஜனவரியில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது.

இலங்கையில் என்னை ஆச்சரியப்படுத்தியது, கோபம் இந்தமுறை பக்கத்து இனத்தான் மேல் திரும்பாமல் ஆட்சியாளர் வீட்டு வாசலுக்கே போனது. கடன் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். பாதிக்கடன் ஊர் லேவாதேவிக்காரரிடம் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஐயா பெயரில் பர்மா நிலப் பத்திரம் இருக்கிறது. இழப்பீடு கிடைக்குமா?

அடிக்கடி வரும் கேள்வி, நேரடியான பதில்: அதை நம்பி எந்தக் கணக்கும் போட வேண்டாம். நாட்டுடைமைச் சட்டத்தில் இழப்பீடு எழுதியிருந்தது. வந்து சேர்ந்தது சொற்பம். "வாங்கித் தருகிறேன், முதலில் செலவுக்குக் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பத்திரத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பேரேடு, ஐந்தொகை, உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு), ஏஜெண்டு எழுதிய கடிதம், முறைச்சிட்டை எல்லாமே சரித்திரத்துக்குச் சாட்சி. அடமானம் எந்த வருடம் எழுதப்பட்டது, நிலம் எந்த வருடம் கைக்கு வந்தது என்ற இரண்டு தேதியை மட்டும் பாருங்கள். முதல் தேதி 1920-களிலும் இரண்டாவது 1931-க்குப் பிறகும் இருந்தால், மேலே சொன்ன கதை உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. கரையான் அரிப்பதற்குள் போட்டோ எடுத்து வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த சேகரிப்பிலிருந்து உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது. இப்படிப்பட்ட காகிதங்களின் அருமை தெரிந்த இடம், விசாரித்துப் பார்க்கலாம்.